பதினொரு பேர் வகுப்பில் இதழியல்

இதழியலும் தொடர்பியலும் படிக்கப்போகிறேன், கிடைத்திருப்பது சின்னக் கல்லூரி, பரவாயில்லையா என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. நான் படித்ததும் அப்படி ஒன்றில்தான். வகுப்பில் பதினொரு பேர், முழுநேர ஆசிரியர்கள் இரண்டு பேர், உருப்படியான கேமரா ஒன்று, அதோடு ஒட்டவே ஒட்டாத ட்ரைபாட் ஒன்று. வேதியியல் படிப்பவருக்கு ஆய்வகம் சின்னதாக இருந்தால் அது வெறும் குறை, வாதமே இல்லை. இதழியலில் கணக்கு அப்படி நேராக வராது. செய்தி எழுதப் பழக அந்தச் சின்ன இடம் ரொம்ப நல்லது, ஆனால் எழுதிய செய்தியை வெளியிடலாம் என்று வரும்போது அதே இடம் தொண்டையைப் பிடிக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இது எப்படி வேலை செய்கிறது என்று புரிய, இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இதழியலைக் கல்லூரியில் சொல்லித்தரலாம் என்ற யோசனை தொடக்கத்திலேயே ஒரு சின்னக் கல்லூரியில் எழுந்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பின் தளபதி ராபர்ட் இ. லீ, போர் முடிந்தபின் வர்ஜீனியாவில் வாஷிங்டன் கல்லூரி என்ற, போரில் நொடித்துப்போன ஒரு கல்லூரிக்குத் தலைவரானார். பத்திரிகைத் தொழிலுக்குப் போக நினைக்கும் இளைஞர்களுக்கு உதவித்தொகையும் அச்சகத்தில் பயிற்சியும் தரலாம் என்று 1869இல் அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அன்றைய பத்திரிகை ஆசிரியர்கள் பலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பத்திரிகை அலுவலகத்தில் குட்டு வாங்கிக் கற்க வேண்டிய தொழிலுக்குக் கல்லூரி எதற்கு என்பது அவர்கள் கட்சி. லீ அடுத்த ஆண்டே இறந்துபோனார், திட்டமும் சில ஆண்டுகளில் படுத்துவிட்டது.

அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை என்பது வேறு விஷயம். இன்றைக்கும் எந்தச் செய்தியறையிலும் மூத்த உதவி ஆசிரியர் ஒருவராவது, "காலேஜ்ல படிச்சதையெல்லாம் வாசல்லயே விட்டுட்டு வாப்பா" என்று முதல் நாளே சொல்லாமல் விடமாட்டார்.

அந்தக் கேலிக்குச் சரியான பதில் சொன்னவர் வால்டர் வில்லியம்ஸ். சிற்றூர்ப் பத்திரிகை ஆசிரியர், தான் கல்லூரிப் பட்டம் வாங்காதவர். மிசூரி பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் இதழியல் பள்ளி என்று பொதுவாகச் சொல்லப்படுவதை 1908இல் தொடங்கினார். செப்டம்பர் 14 அன்று பள்ளி திறந்தது, அன்றைக்கே மாணவர்களின் பத்திரிகையும் வெளிவந்தது. பாடம் முடியட்டும், அப்புறம் பத்திரிகை போடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. செய்து கற்பதை இன்றும் மிசூரி முறை என்றே சொல்கிறார்கள். பத்திரிகை முதலாளி ஜோசப் புலிட்சர் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். வரலாறு, சட்டம், பொருளாதாரம் எல்லாம் தெரிந்த பத்திரிகையாளன் வேண்டும், அதற்குப் பல்கலைக்கழகம்தான் இடம் என்று 1904இல் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். அவர் பணத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி திறந்தது 1912இல், அதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

சரி, இதில் 'தொடர்பியல்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? அது இரண்டாம் உலகப் போரையொட்டி வந்த சரக்கு. பிரசாரம் எப்படி வேலை செய்கிறது, வானொலி கேட்பவர் மனம் மாறுகிறதா என்று சமூக அறிவியல்காரர்கள் போர்க்காலத்தில் ஆராய்ந்தார்கள். போர் முடிகிற நேரத்தில் அந்த ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் வேண்டியிருந்தது. வில்பர் ஷ்ராம் அதற்கு இடம் பிடித்துக் கொடுத்தார். 1943இல் அயோவாவில் இதழியல் பள்ளியின் பொறுப்பேற்றவர், 1947இல் இலினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தொடர்பியல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். (ஷ்ராமுக்குச் சிறுவயதிலிருந்தே கடுமையான திக்குவாய். தொடர்பியலின் தந்தை என்று பாடநூல்கள் சொல்லும் மனிதர் பேசத் திணறியவர் என்று அறிந்தபோது எனக்கு அந்தப் பாடத்தின்மேலேயே கொஞ்சம் பிரியம் வந்தது.)

ஆக, பெயர்ப்பலகையில் சேர்ந்து நிற்கும் இந்த இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. இதழியல் ஒரு கைத்தொழில், யாரைக் கேட்டாய், எப்போது கேட்டாய், எத்தனை மணிக்குக் கொடுத்தாய் என்பதுதான் அங்கே கேள்வி. தொடர்பியல் சமூக அறிவியல், அங்கே மாதிரிக்கு எத்தனை பேரை எடுத்தாய், எப்படி அளந்தாய், வேறு காரணம் இருக்க முடியாதா என்று கேட்பார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் இவர்கள் தனித்தனி மாடியில் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் லேசாக இளக்காரமாகப் பார்ப்பார்கள். சின்னக் கல்லூரியில் அதற்கு வசதியில்லை. காலையில் கோட்பாட்டுப் படங்களைப் பலகையில் வரைந்த அதே ஆசிரியர் மதியம் வந்து நம் செய்தியின் முதல் பத்தியை அடித்துத் திருத்துவார். அவர் இரண்டிலும் தேர்ந்தவராக இருந்துவிட்டால் நமக்கு யோகம். பெரும்பாலும் ஒன்றில் கெட்டிக்காரராகவும் இன்னொன்றில் பாடக்குறிப்பை வாசித்து ஒப்பேற்றுபவராகவும் இருப்பார்.

இனி திருத்துவதற்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் படிப்பில் காசு கொடுத்து வாங்குகிற பொருள் என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான். கணக்கு எளிது. வகுப்பில் அறுபது பேர், ஆளுக்கு வாரம் ஒரு செய்தி, ஒன்றை எடுத்துவைத்து வரி வரியாகத் திருத்திப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தர கால் மணி நேரம் என்று வைத்தால் ஆசிரியருக்கு அந்த ஒரு வேலைக்கே பதினைந்து மணி நேரம் போகும், அதனால் அவர் அதைச் செய்யமாட்டார், மதிப்பெண் போட்டு 'இன்னும் தெளிவு தேவை' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார். பதினொரு பேருக்கு மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூன்று ஆண்டு முடியும்போது அறுபதில் ஒருவனுக்கும் பதினொன்றில் ஒருவனுக்கும் உள்ள வித்தியாசம் ட்ரைபாட் பொருந்துகிறதா இல்லையா என்பதில் இருக்காது.

நான் முதலில் எழுதிக் கொடுத்தது நூலகம் மூடும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்ததைப் பற்றிய செய்தி. பதினான்கு வரி. ஆசிரியர் சிவப்புப் பேனாவில் ஒரே கேள்வியை ஒன்பது இடத்தில் எழுதியிருந்தார்: யார் சொன்னது? மாணவர்கள் அதிருப்தி அடைந்துள்ளனர் என்று எழுதியிருந்தேன், யார் சொன்னது. ஊழியர் பற்றாக்குறையே காரணம் எனத் தெரிகிறது என்று எழுதியிருந்தேன், யாருக்குத் தெரிகிறது. "சார், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றேன். "எல்லாருக்கும் தெரிஞ்சா எதுக்குப்பா செய்தி?" என்றார். போய் நூலகரையே கேட்டேன். பற்றாக்குறை எதுவும் இல்லை, மாலை நேரத்தில் மின்கம்பி மாற்றும் வேலை நடக்கிறது, இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிடும் என்றார். நான் எழுதியதில் பாதி காற்றில் போயிற்று. செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது: கூறப்படுகிறது, கருதப்படுகிறது, எதிர்பார்க்கப்படுகிறது. இந்த மூன்று சொற்களை மட்டும் தடைசெய்தால் நாளிதழ்களில் பாதிப் பக்கம் வெறுமையாக வரும் என்று நினைக்கிறேன்.

இது வரை நல்ல பக்கம்.

இரண்டாம் ஆண்டில் விடுதியின் தண்ணீர் மோட்டார் பழுதானது. மாணவர் இதழில் ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லை என்று எழுதினேன். உண்மையில் மூன்று நாள், மீதி இரண்டு நாளும் காலையில் ஒரு மணி நேரம் வந்திருக்கிறது, நான் எழுந்த நேரத்துக்கு நின்றுபோயிருந்தது. பெரிய பத்திரிகையில் தவறு செய்தால் கடிதம் வரும், மறுநாள் ஓர் ஓரத்தில் திருத்தம் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இங்கே தவறு நேரில் வந்து நின்றது. விடுதிக் காப்பாளரை நான் தினமும் இரண்டு வேளை பார்த்தாக வேண்டும். அவர் ஒன்றும் திட்டவில்லை. "ஐந்து நாளா தம்பி?" என்று மட்டும் கேட்பார், அதையும் ஒரு மாதம் கேட்டார். எண்களை இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு எந்தப் பாடநூலிலிருந்தும் வரவில்லை.

பெயர் சொல்லாத ஆதாரம் என்ற விஷயமும் சின்ன இடத்தில் வேறு மாதிரி ஆகிவிடும். 'பெயர் வெளியிட விரும்பாத மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி' என்று எழுதினால் பத்தாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில் அது பாதுகாப்பு, நானூறு பேர் வளாகத்தில் அது முகவரி. மூன்றாம் ஆண்டு இயற்பியலில் மாணவிகள் மொத்தமே நான்கு பேர் இருப்பார்கள். ஆகவே பெயரை எடுத்தால் போதாது, ஆண்டு, துறை, பாலினம், அவர் வழக்கமாகப் பேசும் ஒரு சொல், எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், எடுத்தபின் அந்த மேற்கோள் எதற்கும் உதவாத சக்கையாகி நிற்கும். அப்போது வேறு வழி தேட வேண்டியிருக்கும், ஆவணம் இருக்கிறதா, அறிவிப்புப் பலகையில் ஒட்டியது இருக்கிறதா, கூட்டக் குறிப்பு கிடைக்குமா என்று. பேச்சைவிட்டுக் காகிதத்துக்குப் போவது இந்தத் தொழிலில் பெரிய தாவல். சின்னக் கல்லூரி மாணவரை அந்தத் தாவலுக்குச் சீக்கிரமே தள்ளிவிடுகிறது, வேறு போக்கில்லாததால்.

நண்பர்களைப் பேட்டி காணாதே என்ற விதியும் அப்படித்தான், நூறு பேரில் எழுபது பேரை உங்களுக்குத் தெரியும் என்றால் மீதி முப்பது பேரை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? எங்கள் ஆசிரியர் விதியைக் கொஞ்சம் மாற்றிவைத்திருந்தார். தெரிந்தவரைக் கேட்கலாம், ஆனால் செய்தியைக் கொடுக்கும்போது அவர் உனக்கு என்ன உறவு என்று மேலே ஒரு வரி எழுதிக் கொடு, வைப்பதா வெட்டுவதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். பல செய்தியறைகளில் இதைக்கூடச் செய்வதில்லை.

இவற்றையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். நிர்வாகத்தைப் பற்றிச் செய்தி வரும்போதுதான் நிஜமான சிக்கல். மாணவர் இதழை அச்சிடும் காசு யாருடையது, இணையதளத்தின் கடவுச்சொல் யார் கையில், வழிகாட்டும் ஆசிரியரின் வேலை நிரந்தரமா ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பதா. எழுதும் திறமையைவிட இந்த மூன்றும்தான் எந்தச் செய்தி வெளிவரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் ஹேசல்வுட் வழக்கு இதற்குப் பாடநூல் உதாரணம். ஒரு பள்ளியில் இதழியல் வகுப்பு நடத்திய பத்திரிகையில் பதின்ம வயதுக் கர்ப்பம், பெற்றோரின் மணமுறிவு பற்றி எழுதியிருந்தார்கள், தலைமையாசிரியர் இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டார். 1988இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வகுப்பின் அங்கமாக, பள்ளியின் காசில் வரும் பத்திரிகை என்பது தீர்ப்பில் பெரிய இடம் பிடித்தது.

அதற்கு எதிர்முனையில் என் மனதுக்குப் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. 2017இல் கான்சாஸ் மாநிலத்தின் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் புதிய தலைமையாசிரியரை நியமித்தார்கள். பள்ளிப் பத்திரிகை மாணவர்கள் வரவேற்புச் செய்தி எழுத உட்கார்ந்து, வழக்கமான முறையில் அவருடைய கல்வித் தகுதியைச் சரிபார்த்தார்கள். அவர் முனைவர் பட்டம் பெற்றதாகச் சொன்ன பல்கலைக்கழகத்தின் இணையதளமே வேலை செய்யவில்லை, தோண்டத் தோண்டக் கேள்விகள்தான் வந்தன. செய்தி வெளியான சில நாளில் அவர் பொறுப்பேற்காமலேயே விலகினார். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்! அவர்கள் துணிச்சலைப் பாராட்டி எல்லோரும் எழுதினார்கள், சரிதான். ஆனால் மாணவர் பத்திரிகையின் சுதந்திரத்தைக் காக்கும் சட்டம் ஒன்றை கான்சாஸ் 1992இலேயே இயற்றியிருந்தது என்பதை அவ்வளவாக யாரும் சொல்லவில்லை. ஹேசல்வுட் பள்ளி இருக்கும் மிசூரி பக்கத்து மாநிலம்தான். துணிச்சல் எல்லையின் இரு பக்கமும் ஒரே அளவில்தான் இருந்திருக்கும், ஒரு பக்கத்தில் சட்டம் துணைக்கு வந்தது.

2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகியதற்குப் பின்னாலும் மாணவர் நாளிதழ்தான் இருந்தது, அவர் பெயர் கொண்ட ஆய்வுக் கட்டுரைகளில் படங்கள் திருத்தப்பட்டிருப்பதாக அதில் எழுதத் தொடங்கியவர் ஒரு முதலாமாண்டு மாணவர். அந்த நாளிதழ் 1973இலிருந்தே பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து விலகித் தனியாக நடக்கிறது. சின்னக் கல்லூரிகளில் அப்படித் தனியாக நடத்த விளம்பர வருமானமோ பழைய மாணவர் நன்கொடையோ கிடைப்பது அபூர்வம். அதனால் அங்கே தணிக்கை என்பது பெரும்பாலும் பக்கத்தைக் கிழிப்பதாக வராது. "இது இப்ப தேவையா?" என்று யாரோ வழிகாட்டும் ஆசிரியரிடம் நடைபாதையில் ஒரு வார்த்தை கேட்பார்கள். அவர் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை நினைத்துக்கொண்டு நம்மிடம் இன்னும் கொஞ்சம் ஆதாரம் சேர்த்துக்கொள்ளேன் என்பார், அது நல்ல அறிவுரைபோலவே இருக்கும், தேர்வு வந்துவிடும், செய்தி செத்துப்போகும். எங்கள் இதழில் அப்படி இரண்டு செய்திகள் செத்தன. யாரும் எதையும் தடுக்கவில்லை என்று எல்லோராலும் சத்தியம் செய்ய முடியும்.

கோட்பாட்டுப் பாடங்களை மாணவர்கள் பொதுவாகச் சபித்துக்கொண்டே படிப்பார்கள், நானும் சபித்தேன், ஆனால் அதில் சில விஷயங்கள் சின்ன வகுப்பில்தான் உயிர்பெறும். டேவிட் மேனிங் ஒயிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1949 பிப்ரவரியில் ஒரு வாரம், சுமார் முப்பதாயிரம் பிரதி விற்கும் ஒரு நாளிதழில் தந்திச் செய்திகளைப் பொறுக்கும் ஒரே ஓர் ஆசிரியரின் மேசையைக் கவனித்தார். அவருக்கு 'மிஸ்டர் கேட்ஸ்' என்று புனைபெயர் வைத்தார். வந்ததில் பத்தில் ஒரு பங்குதான் அச்சேறியது. வேண்டாம் என்று எறிந்த ஒவ்வொன்றின் மேலும் ஏன் எறிந்தேன் என்று அந்த மனிதர் எழுதி வைத்திருந்தார், இடமில்லை என்பதிலிருந்து எனக்கு இவனைப் பிடிக்காது என்கிற ரகம் வரை. ஒரு மனிதர், ஒரு மேசை, ஒரு வாரம், எந்தச் செய்தியை உள்ளே விடுவது என்று வாசலில் நின்று தீர்மானிக்கும் வாயிற்காப்போன் என்ற கோட்பாடு இன்றும் அதன் மேல் நிற்கிறது. எங்கள் வகுப்பில் இதையே செய்து பார்த்தோம். ஒரே நாற்பது செய்திகளைப் பதினொரு பேருக்கும் கொடுத்து எட்டு மட்டும் பொறுக்கச் சொன்னார் ஆசிரியர். பதினொரு பட்டியலிலும் இடம்பெற்ற செய்தி இரண்டே இரண்டு. மீதியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். அறுபது பேர் வகுப்பில் இது ஒரு படவிளக்கமாக ஓடி முடிந்திருக்கும்.

மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற பல்கலைக்கழக ஊரில் இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்கள் நூறு பேரைக் கேட்டுத்தான், ஊடகம் எதைப் பெரிதாக்குகிறதோ அதையே மக்களும் முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்ற கருத்துக்கு 1972இல் வடிவம் கொடுத்தார்கள். நூறே பேர்! நிரூபணம் என்று அதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை, பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகள் சேர்ந்துதான் அதற்குப் பலம் கொடுத்தன. ஆனால் நல்ல கேள்வியைக் கேட்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை என்பதற்கு இது போதும்.

கருவிகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒலிப்பதிவு, படம், எடிட்டிங், பக்க வடிவமைப்பு எல்லாவற்றையும் ஆள் பற்றாக்குறையால் எல்லோரும் செய்தாக வேண்டும், எதிலும் ஆழம் வராது, எதைக் கண்டும் பயம் இருக்காது. கைப்பேசி வந்தபின் இந்த இடைவெளி இன்னும் சுருங்கிவிட்டது.

சுருங்காத இடைவெளிகள் வேறு. ஆசிரியர்கள் இரண்டே பேர் என்றால் உங்களுக்கு மூன்று ஆண்டும் கிடைப்பது இரண்டு பேரின் ரசனை, இரண்டு பேரின் அனுபவம், அதில் ஒருவர் செய்தியறையை விட்டு இருபது ஆண்டு ஆகியிருந்தால் உங்கள் கல்வியில் பாதி இருபது ஆண்டு பழையது. தரவு இதழியலுக்கோ ஊடகச் சட்டத்துக்கோ தனியாக ஆள் இருக்கமாட்டார், விருந்தினர் ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். போட்டிக்கு இன்னொரு மாணவர் இதழ் கிடையாது, ஆகவே ஒரு செய்தியைத் தவறவிட்டால் தவறவிட்டோம் என்பதே தெரியாது, இதை நான் வேலைக்குப் போன முதல் மாதத்தில் மிகவும் வலியோடு தெரிந்துகொண்டேன். பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரிப் பெயரைப் படித்துவிட்டு எதிரில் இருப்பவர் ஒரு நொடி யோசிப்பதைப் பார்க்கலாம். அங்கே முன்னால் வந்த சீனியர் யாரும் இருக்கமாட்டார், தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. அந்த ஒரு நொடியைக் கடக்க உதவுவது வெளியான செய்திகள் மட்டும்தான், தேர்வுத்தாள் இல்லை. எனவே கல்லூரி இதழோடு நிற்காமல் இரண்டாம் ஆண்டிலிருந்தே வெளியே எழுதியவர்கள்தான் எங்கள் பதினொரு பேரில் பத்திரிகைக்கு வந்து சேர்ந்தோம். நான்கு பேர். மற்றவர்கள் மக்கள் தொடர்பு, விளம்பரம், ஆசிரியப் பணி என்று போனார்கள், அதில் இரண்டு பேர் எங்களைவிட நன்றாக எழுதுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாராவது சேர்வதற்குமுன் ஒருமுறை துறையைப் பார்க்கப் போனால் ஸ்டுடியோவைத்தான் முதலில் திறந்து காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, மாணவர் இதழின் கடைசி ஆறு இதழ்களைக் கேளுங்கள், ஆறும் இருக்கிறதா, நிகழ்ச்சி வரவேற்பும் பரிசளிப்புப் படமும் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று புரட்டுங்கள். அப்புறம் ஆசிரியர் திருத்திக் கொடுத்த மாணவர் பிரதி ஒன்று, பெயரை மறைத்துக்கூட, பார்க்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். எங்கள் ஆசிரியரிடம் கேட்டிருந்தால் அலமாரியிலிருந்து ஒரு கட்டையே எடுத்துப் போட்டிருப்பார், அதில் என் நூலகச் செய்தியும் ஒன்பது கேள்விகளோடு இருந்திருக்கும்.